திருப்பிக் கொடுக்க வேண்டிய சாவி

அருங்காட்சியகம் என்கிறது பலகை.
கீழே டயர் கடை.
சாவி தவுக்கே ஊயிடம்;
டியூப் ஒட்டும் பசை டப்பாவுக்கு மேலே
ஆணியில் தொங்குகிறது.
"ஏறு, பார், பூட்டு, கொண்டு வா"
என்றார் மலாயில்,
சக்கரத்திலிருந்து கண் எடுக்காமல்.

மரப்படி பதினேழு.
குணாளன் எண்ணினான்.
எண்ணுவது அவன் பழக்கம்,
கேட்டுக்கொள்வது என் தலையெழுத்து.

ஒரே அறை.
கி. செம்புலிங்கன், தபால் குமாஸ்தா,
நாவல்கள் ஆறு,
சிறுகதைகள் என்று எழுதி
எண்ணிக்கைக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
மைக்கறை போகாத கைக்குட்டை,
'இடமின்மையால்' திரும்பி வந்த ஒரு கதை,
மை காய்ந்ததா என்று
முத்திரை குத்திக் குத்திப் பார்த்த தாள்,
ஓரமாக
மூச்சுக்கு அவர் உறிஞ்சிய நீலக் குழல்.
அதற்கு மட்டும் குறிப்பு எதுவும் இல்லை.

வருகைப் பதிவேட்டில் எங்களுக்கு முன்னால்
பதினோரு நாளைக்கு முந்திய ஒரே ஒரு வரி:
"மின்விசிறி நன்றாகச் சுழல்கிறது."

சுவரில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.
மலை உச்சியில் நிற்கிறான் அவருடைய கதாநாயகன்.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ரயில்,
நடுவே ஊர்,
'கை தவறிக் கொட்டிய தீப்பெட்டிகள்.'
காற்று
'ஈரச் சாக்கைப் போல் முகத்தில் அறைந்தது.'

அதன் கீழே மருமகள் கையெழுத்தில், பென்சிலால்:
மாமா மலை ஏறியதில்லை.
பத்தடி நடந்தாலே இழுக்கும்.

ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே நின்றது புக்கிட் மெர்தாஜாம் மலை,
கடன் கேட்க வந்து
வாசலிலேயே தயங்குகிறவனைப் போல,
போகவும் இல்லை,
உள்ளே வரவும் இல்லை.

செரோக் தோக்குன் வழியாக ஏறினோம்.
தார்ச்சாலைதான், ஆனால்
செங்குத்தாக எழும் தார்ச்சாலை.
ஒரு குரங்கு குணாளனின் ரொட்டியை
கேட்காமல் எடுத்துக்கொண்டு
கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டாய்
என்பதுபோல் பார்த்தது.
பாதி வழியில் தகரக் கொட்டகை,
சீன மாதர் இருவர் சும்மா தரும் சுடுதேநீர்.
காசு நீட்டினால் கோபிக்கிறார்கள்.
நான்காம் வளைவில் எனக்கே இழுத்தது.
உட்கார்ந்தேன்.
அந்த நீலக் குழலை நினைத்தேன் என்று சொன்னால் பொய்;
இறங்கிப்போய்
வாத்துமுட்டை மீ சாப்பிடலாமா என்றுதான் நினைத்தேன்.

உச்சியில் கோபுரம், முள்வேலி,
உள்ளே நுழையாதே என்று மூன்று மொழியில்.
மற்றதெல்லாம் மேகம்.
இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை.
தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை.
"ஏமாற்றிவிட்டாரே உன் ஆள்"
என்று குணாளன் முடிக்குமுன்
அறைந்தது.

ஈரச் சாக்கு.
சாக்கேதான்.
நாரின் சொரசொரப்புகூட.

முகம் துடைக்கப் பைக்குள் கைவிட்டேன்.
கைக்குட்டைக்குப் பதில் வந்தது
சாவி.

குணாளன் சிரித்துச் சிரித்து
வேலியைப் பிடித்துக்கொண்டான்:
"அவரைப் பூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்!"
நான் உள்ளங்கையை விரித்தபடி நின்றேன்,
பித்தளை நனைந்து கறுக்கும் வரை.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கை வலிக்கிறது என்றிருப்பேன்.

இறங்கி வந்தால் கடை சாத்தியிருந்தது.
இரும்புக் கதவில் பெயின்ட்டில் எழுதிய எண்ணுக்கு
அழைத்தேன். பின்னால் தொலைக்காட்சி அலறியது.
"நாளைக்கு யாரும் வரமாட்டார்கள்.
கதவுக்கு அடியில் தள்ளிவிடு."
தள்ளினேன்.
டயர்களுக்கு நடுவே எங்கோ போய்
ஒரு சின்னச் சத்தம்.

பினாங்குப் பாலம் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது,
மலைப் பக்கமிருந்து.
ஜன்னலைச் சாத்தினேனா?
குணாளனைக் கேட்டேன்.
அவன் படிகளை மட்டும்தான் எண்ணினானாம்.