மொழிபெயர்ப்புக் கூலி

குடியாத்தம் தாண்டி மோர்தானா சாலையில் ஜீப் நின்றது.
மூன்று வெள்ளைக்காரர்கள், ஒரு டெல்லிக்காரர்,
நாள்கூலிக்கு நான்.
கூடவே ஒரு பழைய அறிக்கையின் அட்டை:
முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால்
அடிபம்பைப் பிடித்துக்கொண்டு
வாயெல்லாம் பல்லாக ஒரு சிறுமி.
படத்தின் கீழே கொட்டை எழுத்தில் வெற்றி.

அந்த வருடம் தேசமே வெற்றி.
ஒன்பது வருடம் போய் வேறொரு குழு வந்து
பம்பைத் தட்டிப் பார்த்து, தோல்வி என்று எழுதிப் போனது.
அப்போதும் மொழிபெயர்த்தது நான்தான்.
தோல்வியிலும் தண்ணீர் வந்தது,
வாஷர் தேய்ந்து அறுபது அடிக்கு ஒரு குடம்.
வெற்றியிலும் வந்தது,
கொஞ்சம் உப்பு.

அட்டையில் இருந்தவளைக் கண்டுபிடித்தார்கள்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனி வேனிலிருந்து
டிபன் கேரியரோடு இறங்கினாள்.
பெயர் கேட்டார்கள்.
வேண்டா.
நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு வைத்தது.
பொருள் கேட்டார்கள்.
போதும் என்ற மனம் என்று சொல்லிவைத்தேன்.
அழகான பெயர் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஏன் அப்படிச் சிரித்தீர்கள்?
"படம் புடிக்க வந்த ஆளு சாணியில வழுக்கினான்."

இந்தத் திட்டத்தால் உங்கள் வாழ்க்கை...
கேள்வி நீண்டுகொண்டே போனது.
"பரவால்ல" என்றாள்.

அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
நன்றாயிருக்கிறது, மோசமில்லை,
மன்னித்தேன், விட்டுத்தொலை,
எல்லாம் அதுதான்.
படிவத்தில் கட்டம் இரண்டே இரண்டு.
பேனா காத்திருந்தது. நான் இருமினேன்.

அவள் அதற்குள் குனிந்து
தலைவரின் ஷூவைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.
"பத்து வருசமா செக்கிங்லதான் கீறேன் சார்.
பாஸ் ஒரு ஸ்டிக்கர், ரிஜெக்ட் ஒரு ஸ்டிக்கர்.
இது குதிகால்ல ஒரு தையல் தள்ளிப் போச்சு,
என் கையில வந்திருந்தா ரிஜெக்ட்டு.
ஆனா அதையுந்தான் சந்தையில வாங்கி
மனுசங்க போட்டுக்கினு நடக்கிறாங்க."

என்ன சொல்கிறார் என்றார் தலைவர்.
உங்கள் ஷூ நன்றாக இருக்கிறதாம் என்றேன்.
அவர் காலைப் பார்த்துக்கொண்டார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

எந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது என்று
நான் பார்க்கவில்லை.
வவுச்சரில் கையெழுத்துப் போட்டேன்,
எண்ணூறு ரூபாய், பேட்டா தனி.

ஜீப் திரும்பும்போது கண்ணாடியில்
வேண்டா குடத்தை வைத்து
அடிக்க ஆரம்பித்திருந்தாள்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
இருபத்தேழில் வளைவு வந்து மறைத்துவிட்டது.