பெட் ஸ்பேஸ்

ஃபர்வானியாவில், நாலாம் மாடியில்,
ஆறு பேர் அறையில்
ஜன்னலை ஒட்டிய மேல்கட்டில் என்னுடையது.
என்னுடையது என்பது ஒரு பேச்சுக்கு.
பதினொரு தினார் நான், பதினொரு தினார் திகிஸ்ட்.
ராத்திரி டியூட்டிக்கு நான் இறங்கியதும்
அவள் ஏறிப் படுப்பாள்.
காலையில் வந்து சாய்ந்தால்
தலையணையில் அவள் தலைச்சூடு இருக்கும்,
கொஞ்சம் காப்பி வாசனையும்.

ஆஸ்பத்திரியில் என் வேலையும் கட்டில்தான்.
ஷிப்டுக்குப் பதினெட்டு.
விரிப்பை உரி, ரெக்ஸினைத் துடை,
குளோரின் காயும்வரை நில்,
புதுத் துணியை உதறிப் போடு,
நாலு மூலையும் கடிதம்போல் மடி.
சூப்பர்வைசர் பிஜு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான்.
ஒரு சுருக்கம் தட்டினாலும்
மறுபடி.

யாருக்கு விரிக்கிறேனென்று எனக்குத் தெரியாது.
வரப்போகிறவருக்கும் தெரியாது.
இந்நேரம் எங்கோ
சாரத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார்,
வலி என்று ஒன்று இன்னும் தொடங்காமல்.

வெள்ளிக்கிழமை தூக்கத்தை விட்டு சிட்டிக்கு பஸ்.
சர்ச் ஹாலில் எங்களுக்கு இரண்டிலிருந்து நாலு.
முந்தி மலையாளம், பிந்தி நேபாளிகள்.
நாங்கள் ஒரு பாட்டு கூடப் பாடினால்
கதவுக்கு வெளியே செருப்புகள் பொறுமையிழக்கும்.
"பரலோகத்திலும் இப்படி ஷிப்டு போடுவாகளோ?"
பொற்கொடி அக்கா காதில் கேட்டதில்
கண்மூடி ஜெபிக்கிற நேரம்
சிரித்துத் தொலைத்தேன்.

ராஜ்யம் வரட்டும் என்று
எல்லோரும் ஒரே குரலாய்க் கேட்கிற இடத்தில்
எனக்கு மட்டும் நாக்கு ஒரு நொடி நிற்கும்.
இன்றைக்கே வந்துவிட்டால்?
சீட்டு இன்னும் எடுக்கவில்லை.
பயல் பிளஸ் டூ முடிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து, ஆண்டவரே,
என்று உள்ளுக்குள் ஒட்டுப் போட்டுவிட்டுத்தான்
ஆமென் சொல்வேன்.

ஜூலையில் ஒரு ராத்திரி
பன்னிரண்டாம் கட்டிலில் ஷரீஃபுல் வந்தான்.
ராஜ்ஷாஹிக்காரன். வெயிலில் சுருண்டு விழுந்தவன்.
கால் நகமெல்லாம் சிமெண்ட்.
பானி, பானி என்றான்.
துடைக்கிறவள் நோயாளியைத் தொடக்கூடாது.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
மூன்று மணிக்குத் திரையை இழுத்தார்கள்.
விரிப்பை நான்தான் உரித்தேன்.
வியர்வை காய்ந்து
முதுகின் அகலத்துக்கு
உப்புக் கோடு.

அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்து என்று
வாய் வரவில்லை.
பினாயில் வாளியைப் பிடித்துக்கொண்டு
இப்பவே வாரும் என்றேன்.
இப்பவே.
வந்தது டிராலி.
அதில் வேறொருவர், கண் செருகி.
நான் துணியை உதறினேன்.
நாலு மூலை.

ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணப் போனவர்
என்னதான் செய்துகொண்டிருக்கிறார் இத்தனை காலம்?
சண்டே ஸ்கூலில் எனக்குப் பொன் தெருவைக் காட்டினார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
இப்போது எனக்குத் தெரிவது வேறு:
சட்டைக் கையை மடித்துவிட்டு
விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்து
உதறிக்கொண்டிருக்கிறார்.
கைத்தழும்பு துணியில் உரசுகிறது.
யாருக்கென்று தெரிந்து விரிக்கிறார்.
திகிஸ்டின் உயரம் தெரியும்,
நான் இடது பக்கம் ஒருக்களிப்பது தெரியும்.
ஷரீஃபுலுக்கும் ஒன்று போடுகிறார் என்று நினைக்கிறேன்.
ஐயரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ.
கேட்கவில்லை.

ஆறரைக்கு அறை திரும்பினால்
திகிஸ்ட் சலூனுக்குப் போய்விட்டிருந்தாள்.
தலையணையைக் குளிர்ந்த பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.
என்னைப் பார்த்துப் பழகியதோ,
விரிப்பில் நாலு மூலையும் மடிப்பு.
ஒன்று கொஞ்சம் கோணல். பிஜு விடமாட்டான்.

ஏறிப் படுத்தேன்.
வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன்.
ராஜ்யம் என்ற இடத்தில்
இன்று நாக்கு நிற்கவில்லை.
அதைத் தாண்டி, அன்றன்றைய அப்பம் கேட்கிற இடத்தில்
தூங்கிப்போனேன்.