வால் மடங்கிய ழ

சுங்கை சிப்புட் பதாகைக் கடையில்
மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம்
வேலையில்லாமல்
என் கையெழுத்தை எழுத்துருவாக்கினேன்.
கிறுக்கல்தான்.
சாய்ந்த க, தூங்கி வழியும் ண,
தாள் தீர்ந்துபோனதால்
வால் மடங்கிய ழ.

"நல்லா ஜாலியா இருக்கு" என்றார்
முதலாளி சந்திரகாசன்.
அப்புறம் ஊரெல்லாம் நான்தான்.
இரண்டு வெள்ளி சென்டோல் நான்,
காதணி விழாவுக்கு அன்புடன் அழைப்பது நான்,
செம்பனை லோரியின் முதுகில்
'நெருங்காதே கண்ணே' நான்.
இதுவரை யாரையும் கண்ணே என்றதில்லை.

ஒருநாள் விளக்குக் கம்பங்களில்:
'அவசரக் கடன். பழகிப் பாருங்கள்.'
சிரித்துவிட்டுக் கடந்தேன்.

நேற்றிரவு எங்கள் கேட்டில் சிவப்புச் சாயம்.
கம்பியில் செருகிய தாளில்
தம்பி குணாளனின் படம், ஐசி எண்,
கீழே, விளையாட்டுப்போல:
'ஏழு நாள்.'
வால் மடங்கியிருந்தது.

அம்மா தாளையும் பார்த்தாள்
என்னையும் பார்த்தாள்.
"இது உன் எழுத்துதானே?"

நான் எழுதவில்லை என்று
எழுதிக் காட்டப் பேனா எடுத்தேன்.
எழுதினால்
இதே மாதிரிதான் வரும்.
மூடி வைத்துவிட்டு
வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு
கேட்டைத் துடைக்கப் போனேன்.