இருபத்தாறு அடி

மாம்பழ சீசன் முடிந்து
வெறிச்சோடிய கூழ் ஆலை முற்றத்தில்
சாக்பீஸால் படகு வரைந்தோம்,
விற்பவர் அனுப்பிய அளவுப்படி.

தீர்த்தகிரிக்கு வேகம் வேண்டும்.
எனக்கு
நிமிர்ந்து நின்று தோசை திருப்ப ஓரிடம்.

படுக்கை என்று அவர் கோடு போட்ட இடத்தில்
படுத்துப் பார்த்தேன். முழங்கால் மடங்கியது.
கோட்டைக் கொஞ்சம் நீட்டினார்.
"கோடு நீளும்ங்க, படகு நீளாது."

பக்கத்தில் முப்பத்திரண்டு அடியை வரைந்தோம்.
நடந்தேன், புரண்டேன், கற்பனைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.
விலையையும் அதற்குள்ளேயே எழுதினார்,
பொடி எழுத்தில்.

வாரத்துக்கு ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு.
புதுச்சேரியில் ஏறி
கரையைக் கண்ணிலிருந்து விடாமல்
கடலூர் வரைக்கும் ஒரு போக்குவரத்து.
இதற்கு ஆறடி ஆழத்தில் கீல் எதற்கு?
"முகத்துவாரத்தில் மணல் தட்டும்" என்று
அவரே ஒத்துக்கொண்டார்,
கிருஷ்ணகிரி பைபாஸில்
கிரானைட் லாரிகள் இரைய இரைய.

காற்று எந்தப் பக்கம் என்றேன்.
விரலை நக்கித் தூக்கிப் பிடித்தார்.
புழுதிதான் ஒட்டியது.

காவல் கூண்டிலிருந்து குழாயடிக்கு
எப்போதும் நேராக நடக்கும் முனிரத்தினம்
இன்று கோட்டை மிதிக்காமல்
சுற்றி வளைத்துப் போனார்.
"ஏன் சார்?"
"உள்ள ஆளு படுத்திருக்கீங்களே."

அப்போதுதான் கவனித்தேன்.
இருபத்தாறில் கிடக்கிறேன்,
முழங்காலை மடித்து,
யாரும் சொல்லாமலே.

தீர்த்தகிரி ஒரு வாளித் தண்ணீரோடு
பெரிய படகின் பக்கம் போனார்.
விலையை முதலில் அழித்தார்.