எண்பது தௌ

கணபதி, மூணாவது வீதி.
பம்ப் புஷ், கிரைண்டர் ஷாஃப்ட்,
எப்போதாவது விசைத்தறிக்கு ஒரு பல்சக்கரம்:
இவ்வளவுதான் என் லேத்து அதுவரை பெற்ற பிள்ளைகள்.
ஜெசிந்தா போத்தனூரிலிருந்து வந்தாள்,
கைக்குட்டையில் சுற்றிய ஒரு கறுப்பு மூக்கோடு.

"அன்னூர் மண்டபத்தில, மாப்பிள்ளை அழைப்பில,
ஒரு பையன் ஓடியாந்து இடிச்சுட்டானுங்க. நுனி போயிருச்சு."

நகக்கண் அளவு உடைசல்.
புதுசு மூவாயிரம் இருக்குமா என்றேன்.
முப்பதாயிரம் என்றாள்.
உட்காரச் சொன்னேன்.

எபோனைட் தடி சுழன்றால் கந்தகம் நாறும்.
பக்கத்துப் பட்டறை நாச்சிமுத்து எட்டிப் பார்த்து
டயர் கியர் எரியுதா என்று கேட்டுப் போனான்.
கருந்தூள் மூக்கில், பல்லில், டீயில்.
போரிங் பார் எட்டாத வளைவுக்குச் சின்ன அரம்.
பிறகு கண்ணாடிப் பலகை, அதன்மேல் எமரித் தாள், தண்ணீர்.
இழு. தூக்கு. இழு.

நாணல் படுக்கும் தரை அது.
தரை துளி குழிந்தால் மூச்சு பக்கவாட்டில் ஒழுகும்.
அந்தத் தரையே பிறகு மெல்ல மெல்ல விலகி
நுனியில் நாணலுக்கு எண்பது தௌ வழி விடவேண்டும்.
எழுபது வைத்தால் கொசு.
தொண்ணூறு வைத்தால் மூணாவது பாட்டில் தாடை செத்துப்போகும்.
இதெல்லாம் அவள் சொன்னது.
தௌ எனக்குத் தெரியும். தாடை தெரியாது.

முதல் தடவை ஊதினாள்.
கீழ் சுரத்தைக் கேட்டால்
வாத்தின் கழுத்தைத் திருகிய கீச்சு.
ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன்:
இரண்டு ஓரமும் இரண்டு தண்டவாளம்,
இடதுபக்கம் இரண்டு தௌ தாழ்வு.
போத்தனூர்க்காரிக்கு அதை விளக்கவா வேண்டும்?
என் பம்ப் புஷ்ஷில் இரண்டு தௌ என்றால்
இன்ஸ்பெக்ஷன்காரர் டீ குடித்துக்கொண்டே பாஸ் போடுவார்.

சரி செய்தேன். கீழ் சுரம் எழுந்தது.
வைஸ் வைத்த மேஜை உள்ளங்கையில் அதிர்ந்தது,
எண்ணெய்க் கேன் மூடி தனியாக நடுங்கியது.
"ஆனா மந்தமா இருக்குதுங்க.
டிரம்செட்டு, கீபோர்டு, வாசல்ல ஜெனரேட்டரு,
அத்தனையும் கிழிச்சிட்டுப் போகோணும்."

அதற்கு நுனிக்குப் பின்னால் இருக்கும் கூரையில் மேடு வேண்டுமாம்.
அறுத்ததை ஒட்ட முடியாது. இன்னொரு தடி.
இந்தமுறை கஞ்சத்தனமாய்க் குடைந்தேன்.
"இப்ப வித்தியாசம் தெரியுதுங்களா?"
இல்லை என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள்.

காது டாக்டர் ஒருமுறை கோடு போட்டுக் காட்டினார்:
நேராகப் போய், நாலாயிரத்தில் தொபுக்கென்று
கிணற்றில் விழும் கோடு.
முப்பது வருஷ லேத்து கடித்துத் தின்ற இடம்.
அரத்தால் நான் கூட்டுவதும் குறைப்பதும்
அந்தக் கிணற்றுக்குள்தான்.

வியாழக்கிழமை வரச் சொன்னேன்.
மாசாந்திர ஷட்டவுன். வீதி மோட்டார் அத்தனையும் ஊமை.
அவள் ஊதினாள்.
நான் பார்த்தது பப்லுவை,
பீகாரிலிருந்து வந்து ஆறு மாதமாகும் ஹெல்ப்பர்.
உச்சிச் சுரத்தில் அவன் வலது கண் சுருங்கியது,
புளியங்காய் கடித்ததுபோல்.
மேட்டில் அரம் இரண்டு இழுப்பு.
ஊது.
இன்னும் சுருங்கியது, பாதி.
ஒரு இழுப்பு. அதுவும் முழுசாய் இல்லை.
ஊது.

கண் சுருங்கவில்லை.
வாய்தான் கொஞ்சம் திறந்தது.
நாச்சிமுத்து பாதிச் சோற்றோடு தட்டுடன் வந்து நின்றான்.
வீதியின் அந்தக் கோடியில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள்.
எனக்குக் கேட்டது, எனக்குக் கேட்கும் அளவு.
மீதியை அவர்கள் முகத்தில் வாசித்துக்கொண்டேன்.

நிறுத்திவிட்டு, மவுத்பீஸைத் துடைத்து,
"தாடை வலிக்கலீங்க" என்றாள்.
அதைத்தான் முதலில் சொன்னாள்.

கரண்ட் வந்தது மூணரைக்கு.
பில்லில் என்ன பேர் போட என்று கேட்டேன்.
"வாய்னு போடுங்க."
கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஐட்டம் இல்லை.
புஷ், ஒன்று, என்று போட்டுக் கொடுத்தேன்.