மூன்றாம் கூடம்

பதகோனியாவில் காற்று நூறைத் தாண்டினால்
சாலைப் பணி நிற்கும்.
அன்றைக்கு ஆண்கள் அருங்காட்சியகத்துக்கு வருவார்கள்,
கதகதப்புக்காக.
நான் பூட்ஸைத்தான் பார்ப்பேன்.
கூட்டித் துடைப்பதும் என் வேலை.

இந்த பூட்ஸில் செம்மண் காய்ந்திருந்தது.
டிக்கெட்டை இரண்டு விரலால் பிடித்தபடி
நேரே உள்ளே வந்தார்.
தலையை அண்ணாந்து பார்க்கவில்லை.
எல்லோரும் தலையைத்தான் பார்ப்பார்கள்.
தலை பிளாஸ்டர். கழுத்தும் பிளாஸ்டர்.
வாலில் பாதி ரொசாரியோ பட்டறையில் வார்த்தது.
கேட்டால் சொல்வேன்.

இவர் இடது பின்னங்கால் அருகே குந்தினார்.
"கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஐயா."
நகர்ந்தார். மறுபடி குந்தினார்.

ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள்
வந்தார்கள், கர்ஜித்தார்கள், போனார்கள்.
அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன தேடுகிறீர்கள்?"
"கீறலை."

பெயர் ஓவிதியோ அந்திலெயோ.
சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறார்.
ஏழு வருஷம் முன்பு
வண்டியின் கத்தி எதிலோ இடறியது.
கல்லென்றால் கிறீச்சிடும், இது முனகியது, என்றார்.
எஞ்சினை அணைத்தார்.
மதியத்துக்குள் இன்னும் முந்நூறு மீட்டர் என்று
மேஸ்திரி கத்தினார்.
அணைத்தது அணைத்ததுதான்.

பலகையில் பெயர்கள் இருக்கின்றன:
மூன்று முனைவர்கள், ஒரு வங்கி,
ஒரு எண்ணெய்க் கம்பெனி.
அதை அவர் படித்தாரா, தெரியாது.

"ஒன்பது கோடி வருஷம், சென்யோரா.
மேலே கடல் வந்து போயிருக்கிறது.
மலை எழும்பியிருக்கிறது.
இந்தக் காலில் ஒரு சிராய்ப்பில்லை.
முதல் காயம் நான் போட்டது."

குற்ற உணர்வா, பெருமையா?
எங்கள் ஊர் ஆண்களுக்கு
இரண்டுக்கும் ஒரே முகம்.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
பசை வைத்து அடைத்து, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
எலும்பின் பழுப்பில் இன்னொரு பழுப்பு,
ஆள்காட்டி விரல் நீளத்துக்கு.

"நன்றாக அடைத்திருக்கிறார்கள்," என்றார்,
தன் வீட்டுச் சுவரில் வேறு யாரோ
வெள்ளையடித்துவிட்ட மாதிரி.

பிறகு அவர் கை கயிற்றைத் தாண்டியது.
என் கழுத்தில் விசில் தொங்குகிறது.
காற்று எப்படி இருக்கிறதென்று பார்க்க
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
வாசல் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
நாளைக்கு வேலை உண்டு அவருக்கு.

சாயங்காலம் இடது கால் அருகே
இரண்டு பாத அளவுக்குச் செம்மண்.
கூட்டி அள்ளினேன்.
குப்பைத் தொட்டி வரை போய்
கொஞ்ச நேரம் முறத்தோடு நின்றேன்,
இதில் எது மண், எது மற்றது என்று தெரியாமல்.
பிறகு கொட்டினேன்.
ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும்.