தன்மை ஒருமை

விதி எளியது.
டாக்டர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன்.
தயாளினி ‘எனக்கு’ என்றால் என் வாயிலும் ‘எனக்கு’.
நடுவில் இருப்பவளுக்கென்று தனியாக ஒரு சொல் கிடையாது.

கிளேட்டன், இரண்டாம் மாடி, காலை ஒன்பதரை.
டாண்டினோங்கில் கோழி பொதியும் ஆலையில்
இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறாள்.
விரல் நுனிகள் இன்னும் வெளுத்தே இருக்கின்றன.
கடித உறையின் பின்பக்கம் வரைகிறார் டாக்டர் ஹாலோரன்.
பேரிக்காய் என்கிறார்.
தலைகீழ்க் கத்தரிக்காய் என்கிறாள் அவள்.
இரண்டையும் கைமாற்றுகிறேன்.
காம்புப் பக்கம் பேனா நிற்கிறது: இரண்டரை சென்டிமீட்டர்.

வழி இரண்டு.
வயிற்றில் நாலைந்து துளை, குழாய், கேமரா,
மூன்றாம் நாள் வீடு.
அல்லது ஒரே வெட்டு, நீளமாக,
பிறகு ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது.

“துளையே காணும்.” நான் முடிக்கவேயில்லை.
“ஆறு கிழமை நிண்டால்
வேலையை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள்.”

டாக்டர் பேனாவை மூடுகிறார்.
“நானும் பல வருடம் துளை வழியாகத்தான் செய்தேன்” என்கிறேன்.
“சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். பெருமையாக இருந்தது.
பிறகு இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்து எண்ணினார்கள்.
துளை வழியில்
நோய் திரும்பியவர்கள் அதிகம்.
ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியாது.
நான் நிறுத்திவிட்டேன்.”

‘எண்ணினார்கள்’ என்ற இடத்தில் குரல் பிசகியது.
மேற்சட்டைக்கு உள்ளே, தொப்புளைச் சுற்றி,
ஐந்து தழும்பு, ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்.
ஏழு வருடம் முன்பு, பெர்த்தில், வேறு ஒருவரின் கை.
எட்டாம் நாள் கடையிலிருந்து பால் தூக்கி வந்தேன்.
பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

தயாளினி டாக்டரைப் பார்க்கவில்லை.
“அக்கா, நீங்கள் எண்டால் எதை எடுப்பியள்?”

கேள்வியை ஆங்கிலத்தில் டாக்டர் பக்கம் நகர்த்துகிறேன்,
‘அக்கா’வை மட்டும் விட்டுவிட்டு.
இந்த வேலையில் நான் தெரிந்தே விட்ட முதல் சொல்.

பதில் வருகிறது. சொல்கிறேன்:
“நான் என்றால், திறந்தே செய்யச் சொல்வேன்.”

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
ஆலைக்கு ஒரு கடிதம் தருவீங்களா என்கிறாள்.
தருவேன் என்கிறேன்.
எந்த நாள் என்கிறாள். செவ்வாய்.

வெளியே, லிஃப்ட் வரக் காத்திருக்கையில்
என் நேரத்தாளில் ‘நாற்பது நிமிடம்’ என்று எழுதுகிறேன்.
“தொண்டை அடைச்சுப் போச்சு உங்களுக்கு” என்று
தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறாள்.

அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.